நல்ல ஆட்டக்காரர் எப்போது நல்ல பயிற்சியாளர் ஆகிறார்? ஷான் எட்வர்ட்ஸை முன்வைத்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இது: தொழில்முறை ரக்பி லீக் ஆட்டக்காரர் ஒருவர் ஓய்வுபெற்ற பின் பயிற்சியாளராக மாறும்போது, ஆடிய காலத்தின் திறமை அவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? வடக்கு இங்கிலாந்தின் விகன் அணியில் அத்தனை பதக்கங்கள் வென்ற ஷான் எட்வர்ட்ஸ் ஏன் தன் சொந்த விளையாட்டில் பயிற்சியாளராகாமல் ரக்பி யூனியனுக்குப் போனார்? அங்கும் ஏன் தடுப்பாட்டப் பயிற்சியாளராகவே நிலைத்துவிட்டார்?

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர் பயிற்சியாளராகும்போது அவருடைய கால்களின் வேகமும் கைகளின் நளினமும் மைதானத்திலேயே தங்கிவிடுகின்றன. பெயரும் புகழும் முதல் சில வாரங்களுக்கு மேல் உடை மாற்றும் அறையில் செல்லுபடியாவதில்லை. உடம்பில் ஊறிப்போன ஒரு வேலையை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டி, அதை இன்னொருவர் கையில் ஒப்படைக்கத் தெரிந்திருந்தால், அது மட்டும்தான் கூட வருகிறது. எட்வர்ட்ஸுக்கு அந்த வேலை தடுப்பாட்டம். அதை அவர் எங்கே கற்றார், எப்படிப் பிரித்தார், யாரிடம் ஒப்படைத்தார் என்று பார்த்தாலே உங்கள் கேள்வியின் மூன்று பகுதிகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

ரக்பி என்றதும் இலங்கை வாசகர்களுக்குக் கண்டியிலும் கொழும்பிலும் ஆடப்படும் பதினைந்து பேர் ஆட்டமே நினைவுக்கு வரும். அது யூனியன். லீக் அதிலிருந்து பிரிந்துபோன தனி விளையாட்டு. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலையை விட்டுவிட்டுச் சனிக்கிழமை ஆட வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று வடக்கு இங்கிலாந்தின் கிளப்புகள் கேட்டன. யூனியனின் தலைமை அதற்கு இசையவில்லை. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் இருபதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் கூடிப் பேசித் தனி வழி போயின. 1906ல் ஆட்டக்காரர் எண்ணிக்கை 13 ஆகக் குறைந்தது. 1966ல் ஓர் அணி நான்கு டேக்கிள் வரைதான், அதாவது பந்தோடு வருபவர் நான்கு முறை பிடித்து வீழ்த்தப்படும் வரைதான், பந்தை வைத்திருக்கலாம் என்ற விதி வந்தது. 1972ல் அது ஆறானது.

இந்த ஆறு டேக்கிள் விதியைப் புரிந்துகொள்ளாமல் எட்வர்ட்ஸைப் புரிந்துகொள்ள முடியாது. லீக்கில் பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்தியதும் அவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டுவார். அதற்குள் எதிரணியில் அவருக்கு நேரே நிற்கும் இருவரைத் தவிர மற்ற அனைவரும் பத்து மீட்டர் பின்வாங்கி, ஒரே கோட்டில் நின்றாக வேண்டும். பந்து நகர்ந்ததும் அந்த வரிசை முன்னே பாய்கிறது, பிடிக்கிறது, எழுகிறது, மறுபடியும் பின்னால் ஓடுகிறது. வீழ்ந்தவரின் மேல் குவிந்து பந்தைப் பறித்துக்கொள்ளும் வாய்ப்பு இங்கே கிடையாது. எதிரி தவறு செய்யும்வரை, அல்லது ஆறு முறையும் முடியும்வரை, வரிசை உடையாமல் நிற்பதுதான் தடுக்கும் அணியின் முழு வேலை. ஓர் அணி ஒரே ஆட்டத்தில் முந்நூறு டேக்கிள்களைத் தாண்டுவது சாதாரணம்.

ஒரு டேக்கிளைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். தோளைக் கொடுத்து ஒருவரை வீழ்த்தியவர் இப்போது நெஞ்சு தரையில் பட, முகத்தில் சேறோடு கிடக்கிறார். பார்வையாளர் கைதட்டுவது அந்த மோதலுக்கு. ஆனால் அவருடைய அணியின் கதி அடுத்த மூன்று விநாடிகளில் இருக்கிறது. உள்ளங்கையை ஊன்றி எழ வேண்டும். பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நகர வேண்டும். போகிறபோதே வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார், நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் இருப்பவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று பிந்தினாலும் வரிசையில் ஓர் ஆள் அகலத்துக்கு ஓட்டை விழும். தொழில்முறை லீக் ஆட்டக்காரர் இதைப் பதினேழு பதினெட்டு வயதிலிருந்து, வாரா வாரம், சலிக்கச் சலிக்கச் செய்கிறார்.

எட்வர்ட்ஸ் 1966 அக்டோபர் 17ல் விகனில் பிறந்தார். தந்தை ஜாக்கி எட்வர்ட்ஸ் வாரிங்டன் அணிக்கு ஆடியவர். காயத்தால் இளம் வயதிலேயே ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தவர். மகன் பள்ளி வயதில் லீக், யூனியன் இரண்டிலும் இங்கிலாந்துப் பள்ளி அணிகளுக்குத் தலைவராக இருந்தார். சரியாகத் தன் பதினேழாவது பிறந்தநாளில் விகன் கிளப்போடு ஒப்பந்தம் போட்டார். தொகை 35,000 பவுண்டு, ஒரு பள்ளி மாணவனுக்கு அதுவரை யாரும் கொடுத்திராத தொகை. ஏழே மாதத்தில், 1984 மே மாதம், லண்டனின் வெம்ப்ளி அரங்கில் நடந்த, லீக்கின் நாக்-அவுட் போட்டியான சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில் விகனின் ஃபுல்பேக்காக, அதாவது கடைசி அரணாக, நிறுத்தப்பட்டார். எதிரணியான விட்னெஸ் 19-6 என்று வென்றது; அதன் ஜோ லிடன் நீண்ட தூரம் ஓடி இரண்டு ட்ரை வைத்தார், அதாவது விகனின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்திப் புள்ளி எடுத்தார். முன்னே வரிசை உடைந்தால் கடைசியில் நிற்பவனுக்கு என்ன நேரும் என்பதை ஒரு பதினேழு வயதுப் பையன் அத்தனை ஆயிரம் பேர் முன்னிலையில் கற்றுக்கொண்ட நாள் அது. பின்னாளைய தடுப்பாட்டப் பயிற்சியாளரின் முதல் பாடமாக அந்தத் தோல்வியைத்தான் நான் எண்ணுகிறேன்.

அதன் பிறகு வந்தவை பெரும்பாலும் வெற்றிகளே. விகனுக்காக 467 ஆட்டங்கள். ஒன்பது சேலஞ்ச் கோப்பைகள், அவற்றில் எட்டு 1988 முதல் 1995 வரை தொடர்ச்சியாக. எட்டு லீக் பட்டங்கள். 1990ல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான மேன் ஆஃப் ஸ்டீல் விருது. ஆனால் அவர் அந்த அணியின் மிகப் பெரிய உடல்காரரும் இல்லை, மிக வேகமானவரும் இல்லை. ஃபுல்பேக், ஸ்டாண்ட் ஆஃப் என்று ஆடிப் பிறகு ஸ்க்ரம் ஹாஃப் இடத்தில் நிலைபெற்றார். அது பேசும் இடம். யார் எங்கே நிற்க வேண்டும், அடுத்த அடி எந்தப் பக்கம், எப்போது உதைக்க வேண்டும் என்று எண்பது நிமிடமும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியவர் அவர். வரிசையை உடைத்துக்கொண்டு ஓடுபவரின் தோளோரத்தில் சரியான நேரத்தில் போய் நின்று பந்தை வாங்கிக்கொள்வதில் எட்வர்ட்ஸ் பெயர் பெற்றிருந்தார். எதிரியின் வரிசை எங்கே உடையப்போகிறது என்று ஒரு விநாடி முன்பே தெரிந்தால்தான் அது சாத்தியம். அதே கண்ணைத் திருப்பிப் போட்டால், தன் வரிசை எங்கே உடையும் என்பதும் தெரிந்துவிடும்.

அவருக்குக் கிடைத்த பயிற்சியாளர்களையும் இங்கே சொல்ல வேண்டும். 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் சிட்னியில் ஜாக் கிப்சன் என்றொருவர் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்களிடம் கற்றுக்கொண்டு வந்து, ஒவ்வொரு ஆட்டக்காரரும் எத்தனை டேக்கிள் செய்தார் என்று எண்ணிக் குறித்துவைக்கும் வழக்கத்தை லீக்கில் புகுத்தினார். பராமட்டா அணிக்கு 1981, 1982, 1983 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்று கொடுத்தார். கிப்சனுக்குப் பின் பராமட்டாவை ஏற்று 1986ல் பட்டம் வென்ற ஜான் மோனிதான் 1989ல் விகனுக்கு வந்தார். எட்வர்ட்ஸ் நான்கு ஆண்டுகள் அவரிடம் ஆடினார். 1989ல் கொஞ்ச காலம் சிட்னியின் பால்மெயின் அணிக்கும் போய் ஆடினார். அங்கே பயிற்சியாளர் வாரன் ரையன், எதிரியை மூச்சுவிடாமல் நெருக்கும் தடுப்பாட்டத்துக்குப் பேர்போனவர். ஆக, தன் காலத்தின் தடுப்பாட்ட அறிவு எங்கெல்லாம் ஊறியதோ அங்கெல்லாம் எட்வர்ட்ஸ் குடித்திருக்கிறார்.

ஆடிய காலத்தின் இரண்டு நாட்களை மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஒன்று, 1990 சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டம். வாரிங்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவருடைய கன்ன எலும்பும் கண்குழி எலும்பும் உடைந்தன. அவர் வெளியேறாமல் ஆடி முடித்தார். விகன் 36-14 என்று வென்றது. இன்றைய மருத்துவ அறிவோடு பார்த்தால் அதை யாருக்கும் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால், பின்னாளில் அவர் ஓர் இளைஞரைப் பார்த்து "எழுந்திரு" என்று சொன்னபோது அந்தச் சொல்லுக்கு எங்கிருந்து எடை வந்தது என்பதை அந்த நாள் விளக்குகிறது.

மற்றொன்று, 1994 அக்டோபர் 22. வெம்ப்ளியில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் மோதிய முதல் டெஸ்ட். முதல் பாதியிலேயே பிராட்லி கிளைடைக் கழுத்துக்கு மேலே பிடித்ததற்காக எட்வர்ட்ஸ் வெளியேற்றப்பட்டார். அப்படி வெளியேற்றப்பட்டவருக்கு லீக்கில் மாற்று ஆள் கிடையாது. பிரிட்டன் பன்னிரண்டு பேரோடு மீதி ஆட்டம் முழுவதையும் ஆட வேண்டியிருந்தது. ஜோனதன் டேவிஸின் ஒரு ட்ரையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பன்னிரண்டு பேரும் உலகின் மிக வலிமையான அணியைக் கடைசிவரை தடுத்து, 8-4 என்று வென்றார்கள். தன் தவறால் உண்டான ஓட்டையைத் தோழர்கள் அடைப்பதை எட்வர்ட்ஸ் வெளியே இருந்து பார்க்க நேர்ந்தது. டேக்கிளின் உயரம் ஒரு சாண் கூடினால் அணிக்கு என்ன விலை என்பதையும், ஓர் ஆள் குறைந்த வரிசைகூட ஒழுங்காக நகர்ந்தால் எவ்வளவு தாங்கும் என்பதையும் ஒரே மாலையில் கற்றுத்தர இதைவிட நல்ல ஆட்டம் இருக்க முடியாது.

1997ல் விகனை விட்டு லண்டன் பிராங்கோஸ் அணிக்கு வந்தார்; இடையில் கொஞ்ச காலம் பிராட்ஃபோர்டில் ஆடிவிட்டு மீண்டும் லண்டனுக்கே திரும்பினார். பழைய வெம்ப்ளியில் நடந்த கடைசி சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தில், 1999ல், லண்டன் அணி லீட்ஸிடம் 16-52 என்று தோற்றது. 2000ல் ஓய்வுபெற்றார்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதி: ஏன் யூனியன்? அவர் பத்து ஆண்டுகள் முன்னதாக ஓய்வுபெற்றிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. லீக்கில் காசு வாங்கி ஆடியவர் யூனியன் பக்கம் ஆடவோ பயிற்சி தரவோ முடியாதபடி நூறு ஆண்டுகள் கதவு சாத்தியே இருந்தது. 1995 ஆகஸ்டில் யூனியன் தன்னைத் தொழில்முறை விளையாட்டாக அறிவித்ததும் அந்தக் கதவு திறந்தது. திறந்ததும் யூனியன்காரர்கள் கண்டுகொண்ட முதல் உண்மை, தங்களிடம் தடுப்பாட்டம் என்றொரு தனிப் பாடமே இல்லை என்பது. தைரியம் இருந்தது, உடல் இருந்தது. ஆனால் பதினைந்து பேரும் ஒரே மனிதராக நகரும் பயிற்சி இல்லை. அந்தப் பாடத்தை எழுதிவைத்திருந்தவர்கள் லீக்காரர்கள்.

முதலில் போனவர்களில் முக்கியமானவர் ஃபில் லார்டர். ஓல்டம் அணியில் ஆடியவர், பள்ளி ஆசிரியர். 1982ல் ஆஸ்திரேலிய அணி பிரிட்டனுக்கு வந்து ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பியதும், அதிர்ந்துபோன பிரிட்டிஷ் லீக் நிர்வாகம் பயிற்சி முறைகளைச் சீர்படுத்தும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. அதே லார்டரை 1997ல் இங்கிலாந்து யூனியன் அணியின் தலைமைப் பயிற்சியாளர் கிளைவ் உட்வர்ட் தன் அணிக்கு அழைத்துக்கொண்டார். 2003 உலகக் கோப்பையை வென்ற அணியின் தடுப்பாட்டம் அவர் கையில் உருவானது. ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். பராமட்டாவில் கிப்சனிடம் ஆடிய ஜான் மக்கிள்டன் அந்நாட்டு யூனியன் அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளரானார். 1999 உலகக் கோப்பையை வென்ற அந்த அணி தொடர் முழுவதிலும் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ட்ரை. ஆக, 2001ல் எட்வர்ட்ஸ் லண்டன் வாஸ்ப்ஸ் கிளப்பில் சேர்ந்தபோது, வழி ஓரளவு வெட்டப்பட்டிருந்தது.

ஆனால் வழி இருந்தது என்பதால் வேலை எளிதாகிவிடவில்லை. லீக்கில் தெரிந்ததை அப்படியே யூனியனில் கொட்ட முடியாது. அங்கே வீழ்ந்தவர் பந்தை விட்டாக வேண்டும். அதற்காக இரு அணியும் மேலே குவிந்து போராடும். அந்தக் குவியலுக்குள் எத்தனை பேரை அனுப்புவது, எத்தனை பேரை வரிசையில் நிறுத்திவைப்பது என்ற கணக்கு லீக்காரருக்குப் புதிது. இரு வரிசைகளுக்கும் நடுவே பத்து மீட்டர் கிடையாது. குவியலின் கடைசிக் கால்தான் எல்லை. எட்வர்ட்ஸின் திறமை, இந்த வேற்றுமையிலேயே ஓர் ஆதாயம் ஒளிந்திருப்பதைப் பயன்படுத்திக்கொண்டதில் இருக்கிறது. இடைவெளி இவ்வளவு குறைவு என்றால், வரிசை மொத்தமும் ஒரே நொடியில் பாய்ந்தால், பந்து கைக்கு வரும் முன்பே ஆளை அடைந்துவிடலாம். ஓரத்தில் நிற்பவர் உள்ளே நிற்பவரைவிடச் சற்று முன்னே போய் வளைந்து வந்தால், பந்து விங் பக்கம், அதாவது மைதானத்தின் ஓரத்துக்கு, போகும் பாதையே அடைபட்டுவிடும். பிளிட்ஸ் என்று அதற்குப் பெயர். ஒருவர் அரை அடி தயங்கினால் அந்த முறை முழுவதும் கவிழும். வரிசைக்குப் பின்னால் உதைத்துவிட்டால் வெட்டவெளிதான். ஆகவே அது வெறும் வரைபடத்தால் வருவதில்லை. பக்கத்தில் இருப்பவர் வருவார் என்ற நம்பிக்கையால் வருவது. அந்த நம்பிக்கையை உண்டாக்க நாள்தோறும் மைதானத்தில் நின்று எழுவதையும் திரும்புவதையும் குரல் கொடுப்பதையும் பழக்க வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் சலித்துப்போகும் வேலை இது. எட்வர்ட்ஸ் சலிக்கவில்லை.

வாரன் கேட்லண்டின் தலைமையிலும், பின்னர் இயன் மெக்கீகனின் தலைமையிலும் வாஸ்ப்ஸ் 2003, 2004, 2005, 2008 ஆண்டுகளில் இங்கிலாந்துப் பட்டம் வென்றது. 2004லும் 2007லும் ஐரோப்பாவின் ஹைனகன் கோப்பை. 2004 இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களை இன்றும் பார்க்கலாம். ஆட்டம் சமநிலையில் நிற்கிறது. ராப் ஹௌலி இடப்பக்க ஓரத்தில் பந்தை உதைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடுகிறார். துலூஸ் அணியின் கிளெமான் புவத்ரனோ பந்து தானாக வெளியே போய்விடும் என்று எண்ணி ஒரு கணம் காத்திருக்கிறார். ஹௌலி காத்திருக்கவில்லை, பாய்ந்து பந்தின் மேல் கையை வைக்கிறார். 27-20. அந்த ட்ரைக்குத் தடுப்பாட்டப் பயிற்சியாளர் உரிமை கொண்டாட முடியாதுதான். ஆனால் வீணாகப் போகிற பந்தையும் துரத்தும் பழக்கம் ஒரு கிளப்பில் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கைதட்டல் கிடைக்காத மூன்று விநாடிகளை ஆண்டுக்கணக்கில் பழகியதிலிருந்து என்பேன். 2007 இறுதியாட்டம் இன்னும் நேரடியான சான்று. அந்த ஆண்டு இரண்டு கோப்பைகளை வென்று மூன்றாவதற்கு வந்த லெஸ்டர் அணி, வாஸ்ப்ஸுக்கு எதிராக ஒரு ட்ரைகூட வைக்க முடியாமல் 9-25 என்று தோற்றது.

என்றாலும், பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது வேல்ஸ்தான். 2007 உலகக் கோப்பையில், பிரான்ஸின் நாந்த் நகரில், வேல்ஸ் ஃபிஜியிடம் 34-38 என்று தோற்றுத் தொடரிலிருந்து வெளியேறியது. அடுத்த சில மாதங்களில் கேட்லண்ட் தலைமைப் பயிற்சியாளரானார். எட்வர்ட்ஸை உடன் அழைத்துக்கொண்டார். ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பழையவர்களே. 2008 பிப்ரவரியில் முதல் ஆட்டம், வேல்ஸ் இருபது ஆண்டுகளாக வெல்லாத, இங்கிலாந்தின் சொந்த மைதானமான ட்விக்கன்ஹாமில். 6-19 என்று பின்தங்கியிருந்து 26-19 என்று வென்றார்கள். ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் அந்தச் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரின் ஐந்து ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம் அடைந்தார்கள். ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து விட்டுக்கொடுத்தது இரண்டே ட்ரை, 66 புள்ளி. ஒரே ஆட்டத்தில் 38 புள்ளி கொடுத்த அணி அது என்பதை மறந்துவிடாதீர்கள். சில மாதத்தில் யாருடைய உடலும் மாறிவிடாது. நிற்கும் இடமும் எழும் வேகமும் மாறின. எட்வர்ட்ஸ் 2019 வரை வேல்ஸில் இருந்தார். 2012லும் 2019லும் கிராண்ட் ஸ்லாம் மீண்டும் வந்தது.

எட்வர்ட்ஸின் பாதையை மற்றவர்களோடு ஒப்பிட்டால்தான் உங்கள் முதல் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மக்கள் அரசன் என்றே அழைத்த லீக் ஆட்டக்காரர் வாலி லூயிஸ், ஆடும் காலத்தின் கடைசியில் கோல்ட் கோஸ்ட் அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். 1992, 1993 இரண்டு ஆண்டும் அந்த அணி பட்டியலின் அடியில் முடிந்தது. மால் மெனிங்கா, தான் பட்டம் வென்று கொடுத்த கான்பெராவுக்கே 1997ல் தலைமைப் பயிற்சியாளராகப் போய் ஐந்து பருவங்கள் இருந்தும் இறுதியாட்டத்தை எட்டவில்லை. ஆனால் அதே மெனிங்கா 2006 முதல் 2015 வரை குயின்ஸ்லாந்து மாநில அணியை நடத்தி, நியூ சவுத் வேல்ஸுக்கு எதிராகத் தொடர்ந்து எட்டுத் தொடர்களை வென்றார். ஆண்டுக்கு மூன்று ஆட்டங்களுக்காகப் பெரிய ஆட்டக்காரர்களை ஒருமனப்படுத்துவது ஒரு வேலை. பத்து மாதம் தினமும் காலையில் போய் நடுத்தர ஆட்டக்காரரை ஒரு படி உயர்த்துவது வேறு வேலை. முதலாவதுக்குப் பெயரும் ஆளுமையும் உதவும். இரண்டாவதுக்கு உதவாது. அண்மைக் காலத்தில் பென்ஜி மார்ஷல், ஒரே ஆண்டு உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2024ல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியின் தலைமைப் பொறுப்புக்கு வந்து, முதல் பருவத்தைக் கடைசி இடத்தில் முடித்தார். அவர் ஏற்ற அணியே ஏற்கெனவே அடியில் கிடந்தது என்பதால் அவரை இன்னும் பொறுமையோடு பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கம் கிரேக் பெல்லமி. கான்பெராவில் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் ஆடிய, நாட்டுக்கு ஆடாத சாதாரண ஆட்டக்காரர்; பிரிஸ்பேனில் வெய்ன் பென்னட்டிடம் ஐந்து ஆண்டுகள் உதவியாளர்; 2003ல் மெல்பர்ன் தலைமைப் பயிற்சியாளராகி இந்தக் காலத்தின் மிகப் பெரிய பயிற்சியாளர்களில் ஒருவரானார். அந்தப் பென்னட்டே போலீஸ்காரராக இருந்து, புதிய காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். சொல்லிக்கொடுப்பது தனித் தொழில் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

புகழ்பெற்ற ஆட்டக்காரர்களால் முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எட்வர்ட்ஸோடு விகனில் ஆடிய ஆண்டி ஃபாரல் 21 வயதில் பிரிட்டனின் தலைவரானவர். 2005ல் யூனியனுக்கு மாறி சரசென்ஸில் ஆடினார், 2009ல் ஓய்வுபெற்று அங்கேயே பயிற்சியைத் தொடங்கினார், இங்கிலாந்துக்கு உதவிப் பயிற்சியாளராகி 2015 உலகக் கோப்பைத் தோல்விக்குப் பின் அந்த இடத்தை இழந்தார், 2016ல் அயர்லாந்தின் தடுப்பாட்டத்தை ஏற்றார், 2019 உலகக் கோப்பைக்குப் பிறகே அதன் தலைமைக்கு வந்தார். 2023ல் கிராண்ட் ஸ்லாம். 2025ல் பிரிட்டிஷ் ஐரிஷ் லயன்ஸ் அணியோடு ஆஸ்திரேலியாவில் தொடர் வெற்றி. ஓய்வுக்கும் தலைமைப் பொறுப்புக்கும் நடுவே பத்து ஆண்டுகள். லீட்ஸுக்காக ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி ஏழு சூப்பர் லீக் பட்டங்கள் வென்ற கெவின் சின்ஃபீல்டும் 2021ல் லெஸ்டருக்குப் போனபோது தடுப்பாட்டப் பயிற்சியாளர் என்ற ஒரே பொறுப்போடு போனார். அடுத்த ஆண்டு லெஸ்டர் பட்டம் வென்றது. இவர்கள் இரண்டாம் முறை மாணவர்களாக இருக்கச் சம்மதித்தவர்கள். ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால் இதை மட்டும்தான் சொல்வேன்: உங்களுக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொருவருக்குக் கீழே நின்று அதைச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

தலைமைப் பொறுப்பு எட்வர்ட்ஸைத் தேடி வராமல் இல்லை. வாஸ்ப்ஸில் மெக்கீகன் இயக்குநராக இருந்த காலத்தில் தலைமைப் பயிற்சியாளர் என்ற பட்டம் அவருக்கு இருந்தது. 2018 ஆகஸ்டில், 2020 பருவத்திலிருந்து அவர் விகனின் தலைமைப் பயிற்சியாளராவார் என்று கிளப் அறிவித்தது, ஊரே கொண்டாடியது. ஆனால் 2019ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது, அவர் வரவில்லை. விகன் மக்களுக்கு அது உண்மையான ஏமாற்றம், அவர்கள் கோபப்பட்டதில் தவறில்லை. அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. வெளியே இருந்து பார்க்கிற எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: தலைமைப் பயிற்சியாளரின் நாள் ஆள்தேர்வு, சம்பள வரம்பு, பத்திரிகையாளர் சந்திப்பு என்று கழிகிறது, எட்வர்ட்ஸின் தனித்திறமை அந்த மேசைக்கு அப்பால், புல்தரையில் இருக்கிறது. தடுப்பாட்டப் பயிற்சியாளராகவே இருப்பதை ஒரு குறையாக, ஏறாமல் விட்ட படியாகப் பார்ப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

2019 உலகக் கோப்பைக்குப் பின் பிரான்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரான ஃபாபியான் கல்தியே எட்வர்ட்ஸைத் தன் அணிக்கு அழைத்தார். ஐம்பது வயதைக் கடந்த விகன்காரர் பிரெஞ்சு கற்றுக்கொண்டு, அந்த மொழியிலேயே ஆட்டக்காரர்களோடு பேசினார். தடுப்பாட்டம் பேச்சால் ஆவது என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவருக்கு வேறு வழியில்லை. 2022 மார்ச்சில் பிரான்ஸ் கார்டிஃபுக்கு வந்தது. எதிரே நின்ற வேல்ஸ் சட்டைகளில் பலர் அவரிடமே வரிசை கட்டக் கற்றவர்கள். பிரான்ஸ் 13-9 என்று வென்றது. வேல்ஸின் ஒன்பது புள்ளிகளும் டான் பிகர் உதைத்த மூன்று பெனால்டிகள், ட்ரை ஒன்றும் இல்லை. எட்டு நாள் கழித்துப் பாரிஸில் இங்கிலாந்தை 25-13 என்று வென்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிரான்ஸ் கிராண்ட் ஸ்லாம் அடைந்தது.